பயத்துக்கு எத்தனை மார்க்

ஜெனிஷாவிடம் வருகிற யாரும் அவளிடம் வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சுகர் மாத்திரைக்கு வந்தோம், மூட்டு வலிக்கு வந்தோம், பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாக வந்தோம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு, மாவுக்கட்டு போடும் அறையைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே நுழைந்துவிடுவார்கள். கதவில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு இருந்தது. வாட்ச்மேன் வெள்ளைச்சாமி அதன்மேல் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டி மறைத்துவிட்டார். கேட்டதற்கு, "போர்டைப் பார்த்தா சனம் மெரளுது மேடம். நரம்பு மேடம் ரூமுன்னு நான் சொல்லி அனுப்புறேன். கூட்டம் எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க" என்றார். அவர் சொன்னபடியே கூட்டம் கூடியது. படித்துப் பட்டம் வாங்கியவள் காலண்டருக்குத் தோற்றுப்போய் வாயை மூடிக்கொண்டாள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை. வாரத்துக்கு நான்கு ஊர். வியாழக்கிழமை கீரமங்கலம் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன அரசு ஆஸ்பத்திரி. கெட்டிக்காரிதான், இரக்கமுள்ளவள்தான். ஒரே ஒரு குறை, எதையும் எண்ணாக மாற்றிவிட வேண்டும் அவளுக்கு. தூக்கம் எத்தனை மணி, கவலை பத்துக்கு எத்தனை, அழுகை வாரத்துக்கு எத்தனை தடவை. எண் கிடைத்துவிட்டால் பாதிக் குணமானது மாதிரி ஒரு நிம்மதி.

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த ஒரு வியாழக்கிழமை, அழகி தன் மகள் சுகுணாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அழகிக்குப் பூக்கொல்லையில் பூப்பறிக்கும் வேலை. விடிவதற்கு முன்னால் கொல்லையில் இறங்கியவளின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. சுகுணாவுக்கு வயது பதினெட்டு. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு வேதியியல். ஊர் ஆவாரங்கொல்லை, அதாவது ஆவாரங்கொல்லை காலனி. ஊரைச் சொல்லும்போதே அந்த இரண்டாவது சொல்லையும் அழகி சேர்த்துச் சொன்னாள். பிற்பாடு ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் தானே சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

"காலையில ஏழரை ஆனாப் போதும் மேடம். கையி காலு வெடவெடன்னு ஆடுது. வேர்த்துக் கொட்டுது. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு ரோட்டோரமா ஒக்காந்துர்றா. ஈசிஜி எடுத்தாச்சு, தைராய்டு பார்த்தாச்சு, ஒண்ணுமில்லங்கிறாங்க. கருப்பர் கோயில்ல கயிறு கட்டப் போனோம். அங்கிட்டும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றாள் அழகி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எழுபத்தஞ்சு பர்சன்ட் அட்டெண்டன்ஸ் வேணுமாம். பாதி நாளு போகவே இல்ல. பரீட்சை எழுத விடலன்னா, தையில எங்கண்ணன் மகனுக்குக் கட்டிக் குடுத்துருவோம்ங்கிறாரு அவங்கப்பா. பய நல்ல பயதான். ஆனா இவ படிக்கிறவ மேடம்."

ஏழரை மணிக்கு என்ன நினைப்பு வருகிறது என்று ஜெனிஷா கேட்டபோது, சுகுணா தலைநிமிராமல் சொன்னாள்.

"வண்டி நிக்காது மேடம்."

"அப்படி நினைச்சதும் படபடப்பு வருதா?"

"ஆமா மேடம்."

ஜெனிஷா கேஸ் ஷீட்டில் 'எதிர்மறை எண்ணம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். ஆனால் அவள் வளர்ந்த விதம் அப்படி. ஆவூர்ப் பக்கம் அவள் அப்பா இருதயநாதன் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து சேரும்வரை பஸ் காத்திருக்கும். தாண்டிப் போன பஸ் ரிவர்ஸில் வந்து, "ஏறுங்க சார்" என்று கூட்டிப்போனதும் உண்டு. கையைக் காட்டினால் பஸ் நிற்கும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நிற்காது என்று ஒரு பெண் சொன்னால், அது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு என்றுதான் அவள் புத்திக்குப் பட்டது.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்கள் கோடு போட்டுக் கொடுத்தாள். முதல் கட்டம் தேதி. இரண்டாவது, பயம் பத்துக்கு எத்தனை. மூன்றாவது, என்ன நடந்தது.

"தெனமும் ஸ்டாப்புல போய் நிக்கணும் சுகுணா. பயம் வந்தாலும் ஓடக் கூடாது. ஏறுற பயம் தானா எறங்கும். பயத்துக்கு மார்க் போட்டு எழுதிட்டு வா."

"வண்டி நிக்கலன்னா மேடம்?"

"நிக்கும்னு நினைச்சுக்கிட்டு நில்லு. அதான் உனக்கு மருந்து."

சுகுணா நோட்டைத் துப்பட்டாவுக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டு போனாள்.

மார்க் இறங்கியது. முதல் வாரம் ஒன்பது, ஒன்பது, எட்டு. இரண்டாம் வாரம் ஏழில் ஆரம்பித்து ஐந்தில் முடிந்தது. மூன்றாம் வாரம் மூன்று. ஜெனிஷா இரண்டாவது கட்டத்தின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்து, "சூப்பர் சுகுணா" என்பாள். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஒரு கேஸ் இறங்குவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்ததால் மூன்று நிமிடத்தில் நோட்டை மூடிக் கொடுத்துவிடுவாள்.

புதுக்கோட்டையில் மாதாந்திரக் கூட்டத்தில் அதையே கிராஃபாகப் போட்டுக் காட்டினாள். திட்டத்தின் மனநல மருத்துவர் ரகுநாத், "நல்ல வேலை ஜெனிஷா. எல்லா பிளாக்குக்கும் இதை அனுப்பலாம்" என்றார். கைதட்டினார்கள். அன்று கூட்டத்தில் கொடுத்த மெதுவடைகூட அவளுக்கு ருசியாக இருந்தது.

ஐந்தாவது வியாழக்கிழமை நோட்டில் ஒன்று என்று இருந்தது. ஜெனிஷா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். அழகி ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்தாள்.

"தையில கல்யாணம் மேடம். பத்திரிகை அடிச்சதும் வந்து தாரோம். நீங்க அவசியம் வரணும்."

"கல்யாணமா? பரீட்சை என்னாச்சுக்கா? இப்பத்தான் இவ ஒழுங்கா காலேஜுக்குப் போறாளே."

அழகி மகளைப் பார்த்தாள். "எங்கிட்டு மேடம் போனா? இந்த மாசத்துல ஒருநாள்கூடப் போகலயே."

"அப்ப இந்த மார்க்கு?"

"அது நெசந்தான் மேடம்" என்றாள் சுகுணா. மிகவும் அமைதியாக இருந்தாள். கை ஆடவில்லை, வேர்க்கவில்லை. "பயம் கொறஞ்சிருச்சு. காலேஜுக்குப் போகப் போறதில்லன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அப்பறம் எதுக்குப் பயம்? நீங்க சொன்னீங்கன்னு தெனமும் போய் நின்னுட்டு வாரேன். அவ்வளவுதான்."

ஜெனிஷா நோட்டை மறுபடியும் திறந்தாள். இந்த முறை மூன்றாவது கட்டத்தைப் படித்தாள். பொடி எழுத்தில், ஞாயிறு தவிர ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தது. வண்டி நிற்கவில்லை. வண்டி நிற்கவில்லை. கை காட்டினோம், நிற்கவில்லை. மழை, நிற்கவில்லை. வண்டியில் இடம் இருந்தது, நிற்கவில்லை. முப்பது வரிகள். வாராவாரம் இந்த வரிகள் அவள் கைக்குள்தான் இருந்தன. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஆலங்குடியில் அந்த டவுன் பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஆவாரங்கொல்லையைத் தாண்டிக் கடைசி ஊர்வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பும். திரும்பி வரும்போது முதலில் காலனி ஸ்டாப், அடுத்து முக்கால் கிலோமீட்டரில் ஊர் ஸ்டாப். பஸ்ஸில் பாதி சீட் காலி. காலனி ஸ்டாப்பில் ஆறேழு பெண்களும் சீருடையில் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். கை காட்டினார்கள். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை.

நிறுத்துங்க என்று ஜெனிஷாவுக்கு வாய்வரை வந்தது. முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வெறும் பார்வைதான். கம்பியைப் பிடித்திருந்த உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. சொல்லவில்லை. ஊர் ஸ்டாப்பில் பஸ் நின்றது. தூரத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்துவந்தார். அவர் வந்து ஏறும்வரை இரண்டு நிமிடம் நின்றது.

"காலனி ஸ்டாப்புல ஏன் நிக்கல?" என்று அங்கேயே இறங்கும்போது கண்டக்டர் திருப்பதியிடம் கேட்டாள்.

"அது ரிக்வெஸ்ட் ஸ்டாப் மேடம்."

"கையக் காட்டினாங்களே."

திருப்பதி குரலை இறக்கினார். "அங்கிட்டு நின்னா சீட்டு ரொம்பிருது மேடம். இங்கிட்டு ஏறுறவங்க எங்ககூடச் சண்டைக்கு வாராங்க. தெனம் இதே ரூட்டுல ஓட்டணும் நாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?" கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பயந்த மனிதராகத்தான் தெரிந்தார்.

காலனிக்குத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்று, பையிலிருந்த டைரியை எடுத்துத் தனக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டாள். பயம் எட்டு. வண்டி நிற்கவில்லை, நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

சுகுணாவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஜெனிஷா உட்காராமலே பேசினாள். "நீ முதல் நாளே உண்மையைச் சொன்ன. நான்தான் அதை நோய்னு எழுதிட்டேன். தப்பு என்மேல சுகுணா. மன்னிச்சிரு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருத்தி மன்னிப்புக் கேட்பதை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. வேலைக்குப் போக முடியாமல் ஸ்டாப்பிலிருந்து திரும்பிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சுகுணாவுக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது.

"என்னாலதான் மேடம் எல்லாம்" என்றாள். "காலேஜ் சேந்த புதுசுல டிரைவர் பின்னாடி சீட்டு காலியா இருந்துச்சு. ஒக்காந்தேன். ஊர் ஸ்டாப்புல ஏறுன ஒருத்தரு, எந்திரின்னாரு. எதுக்குன்னு கேட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். மறுநாள்லருந்து வண்டி நிக்கல. ஊர் ஸ்டாப்புக்குப் போனாலும் ஏத்த விட மாட்டாங்க. நான் ஒக்காந்ததுனால தெருவே மெயின் ரோட்டுக்கு நடக்குது."

அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா என்று சொல்ல வாயெடுத்த ஜெனிஷா, நல்லவேளையாக நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் சொர்ணவல்லி முந்திக்கொண்டாள். செங்கல் சூளைக்குப் போகிறவள், அழகிக்கு ஓரகத்தி.

"அடி கூறுகெட்டவளே, நீ ஒக்காந்ததுனாலயா? நீ பள்ளிக்கூடம் படிக்கிறப்பயே வாரத்துக்கு மூணு நாளு நிக்காமப் போவான். நாங்க யாருகிட்டச் சொன்னோம்? வாயை மூடிக்கிட்டு நடந்தோம். நீ கேட்டுப்புட்ட, அதான் தெனமும் நிறுத்தாமப் போறான். இதை மனசுல வச்சுக்கிட்டா இத்தனை நாளு செத்துக்கிட்டு இருந்த?"

ஐந்து வாரமாக ஜெனிஷா நோட்டு போட்டும் இறங்காத பாரம் அந்தத் திட்டலில் இறங்கியது. சுகுணா பெரியம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஜெனிஷாவும் அழுதாள். வேலையில் அழக் கூடாது என்று படித்தவள்தான், இருந்தாலும் அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் சொர்ணவல்லி நோட்டை வாங்கிப் புரட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "என்ன போட்டிருக்கு, வாசி" என்றாள். சுகுணா மூன்றாவது கட்டத்தை வாசித்தாள். முப்பது நாளையும் தேதி சொல்லி வாசித்து முடித்தாள்.

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு கோடு போட்டுக் குடு" என்றாள் சொர்ணவல்லி.

அன்றைக்கு ஆறு நோட்டுகள் கோடு போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சுகுணா எழுதினாள். தினமும் ஸ்டாப்பில் நின்றுகொண்டே, "பெரியம்மா, இன்னைக்குப் பயம் எத்தனை?" என்று கேட்பாள். "பயமெல்லாம் இல்லடி, எரிச்சல் இருபது" என்பாள் சொர்ணவல்லி. சுகுணா அதையும் அப்படியே எழுதிக்கொள்வாள். பத்துக்கு இருபது போடக் கூடாது என்று அவளும் சொல்லவில்லை, ஜெனிஷாவும் சொல்லவில்லை.

ரகுநாத்திடம் போய் உண்மையைச் சொல்ல ஜெனிஷாவுக்கு மூன்று நாள் ஆனது. ஒப்பந்த வேலை, வருடா வருடம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீளும்.

"நம்ம வேலையை மனசோட நிறுத்திக்கிறதுதான் நல்லது ஜெனிஷா. பஸ் விவகாரம் வேற டிபார்ட்மெண்ட்" என்றார் அவர்.

"நான் அந்தப் பொண்ணைக் குணப்படுத்தல சார். நடக்குறதைப் பொறுத்துக்கப் பழக்கியிருக்கேன். கிராஃபை எல்லா பிளாக்குக்கும் அனுப்பாதீங்க. அதுல கீழ எறங்குனது பயம் இல்ல, அவளோட படிப்பு."

ரகுநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கிராஃபை மாநிலக் கூட்டத்துக்கு வேறு அவர் அனுப்பிவிட்டிருந்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, "கலெக்டருக்கு ஒரு லெட்டர் நம்ம லெட்டர்ஹெட்டுலயே அடி. காலேஜுக்கும் ஒண்ணு. ரெண்டுலயும் நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு ஏழு பெண்கள் போனார்கள், ஆளுக்கொரு நோட்டோடு. ஜெனிஷா கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டாள். பேச வேண்டியவர்கள் பேசட்டும் என்று. மனு வாங்கிய அதிகாரி நோட்டுகளைப் புரட்டினார். எல்லா மனுவையும் போல வாங்கி அடுக்கில் வைக்கப்போனவர், தேதிவாரியாக எழுதியிருந்ததைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.

"நடுவுல பயம், எரிச்சல்னு நம்பர் போட்டிருக்கே. இது என்னம்மா?"

"அது எங்களுக்குங்க" என்றாள் சொர்ணவல்லி. "பக்கத்துக் கட்டம் ஒங்களுக்கு."

அதிகாரி நோட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கச் சொல்லி, போக்குவரத்துப் பிரிவையும் கூப்பிடச் சொன்னார். சுகுணா முன்னால் வந்தாள். ஏழு மணி நாற்பதுக்கு வண்டி வரும் என்று ஆரம்பித்து, சீட்டில் உட்கார்ந்தது, எழுப்பியது, எதுக்கு என்று கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். கை நடுங்கியது. நடுங்குகிற கையை மறைக்காமலே சொல்லி முடித்தாள்.

காலனி ஸ்டாப்பில் வண்டி நின்றே ஆக வேண்டும் என்று உத்தரவு வர இரண்டு வாரம் ஆனது. சில நாள் டிப்போவிலிருந்து ஒரு ஆள் கூடவே வந்து பார்த்தார். ஊர் ஸ்டாப்பில் முணுமுணுப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. கல்லூரியிலிருந்து, மிச்ச நாள் ஒன்றுகூட விடாமல் வந்தால் பரீட்சை எழுதலாம் என்று பதில் வந்தது. கல்யாணப் பேச்சை எடுத்த புருஷன் குழந்தைசாமியிடம் அழகி சண்டையெல்லாம் போடவில்லை. "தை மாசம் எங்கிட்டும் ஓடிப் போகாது. வருசா வருசம் வரும். பரீட்சை அப்படி வராது" என்று சொல்லிவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டாள்.

உத்தரவு வந்த வாரத்து வியாழக்கிழமை அழகி தனியாக வந்தாள். வாசலில் இரண்டு பக்கமும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, நோட்டை மேஜைமேல் வைத்தாள். அவள் முகம் சரியில்லை.

"பாப்பா காலேஜுக்குப் போயிருக்கா மேடம். ஆனா இங்க பாருங்க. ஒண்ணுக்கு எறங்கி இருந்தது, திங்கக்கெழமை மறுபடி பத்துன்னு போட்டிருக்காளாம். பக்கத்து வீட்டுப் புள்ள வாசிச்சுச் சொல்லுச்சு. செவ்வாக்கெழமையும் பத்தாம். மறுபடியும் முத்திருச்சா மேடம்?"

ஜெனிஷா நோட்டைத் திறந்தாள். மூன்றாவது கட்டத்தைத்தான் முதலில் படித்தாள். கட்டத்துக்குள் அடங்காமல் எழுத்து ஓரம்வரை போயிருந்தது. அழகிக்காகச் சத்தமாக வாசித்தாள்.

"கை ரொம்ப ஆடியது. வண்டி நின்றது. பெரியம்மா முதலில் ஏறச் சொன்னாங்க. ஏறினேன். டிரைவர் பின்னாடி சீட்டு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். ஊர் ஸ்டாப்பில் பார்த்தார்கள். ஆலங்குடி வரை எழுந்திருக்கவில்லை."

அடுத்த வரியில் செவ்வாய்க்கிழமை. பத்து. வண்டி நின்றது, உட்கார்ந்தேன். புதன்கிழமை ஒன்பது.

"முத்தலக்கா" என்றாள் ஜெனிஷா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "ஒண்ணுன்னு எழுதினாளே, அப்பதான் நம்ம பயந்திருக்கணும். போகணும்னு ஆசை இருக்கிறவளுக்குத்தான்க்கா பத்து வரும்."

அழகிக்கு அது முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. நோட்டை வாங்கி, அந்தப் பத்தின்மேல் பூக்கறை படிந்த விரலை ஒருமுறை வைத்துப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை.

"இந்நேரம் லேபுல இருப்பா" என்றாள்.